பகடை சொன்னால் சாக வேண்டுமா?

பிறப்பதற்கு முன்னாலேயே ஒரு ஆள் செத்துப் போக முடியுமா?

பேஷாக முடியும். 1977-ல் அமெரிக்காவில் மார்க் மில்லர் என்பவர் உருவாக்கிய 'டிராவலர்' என்ற விளையாட்டில் அதற்கு முறைப்படி விதியே இருந்தது.

விளையாட்டு என்றதும் பந்து, மட்டை என்று போய்விடாதீர்கள். கம்ப்யூட்டரும் வேண்டாம். நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, வாயாலேயே கதை நடத்துவார்கள். ஒருவர் மட்டும் சூத்திரதாரி. "இருட்டுக் குகை. உள்ளே ஏதோ உறுமுகிறது. என்ன செய்யப் போகிறாய்?" என்பார். "தீவட்டியை உள்ளே வீசுகிறேன்" என்று நீங்கள் சொல்வீர்கள். வீசினது சரியாக விழுந்ததா, உறுமினது புலியா, பூனையா, இதற்கெல்லாம் பகடை உண்டு. ரோல்ப்ளேயிங் கேம் என்று பெயர். நம்ம ஊர் தெருக்கூத்தையும் தாயக்கட்டையையும் ஒரே மேஜையில் போட்டுக் குழப்பினால் எப்படி இருக்கும்? கிட்டத்தட்ட அப்படி.

டிராவலர் விண்வெளிக் கதை. உங்கள் ஆளுக்குப் பதினெட்டு வயசில் வேலை. தரைப்படையில் சேரலாம், வணிகக் கப்பலில் சேரலாம், ஸ்கவுட் என்கிற வேவுப் பிரிவில் சேரலாம். நாலு வருஷம் ஒரு டெர்ம். ஒவ்வொரு டெர்முக்கும் இரண்டு பகடை உருட்டி, ஆள் உயிரோடு இருக்கிறானா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஸ்கவுட் என்றால் இரண்டும் சேர்ந்து 7-க்குக் குறையக்கூடாது. குறைந்தால் ஆள் காலி. கதை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை! காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, மறுபடி முதலிலிருந்து இன்னொருத்தனைப் பெற்று வளர்க்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு பகடை விழக்கூடிய விதம் மொத்தம் 36. அதில் 7-ம் அதற்கு மேலும் வருவது 21. அதாவது நூற்றுக்கு 58 பேர்தான் முதல் நாலு வருஷம் தாண்டுவார்கள். (உடம்பு ரொம்பத் திடமாக இருந்தால் 2 போனஸ் உண்டு. நான் சொல்வது நம்மைப் போன்ற உடம்புக்காரர்களுக்கு.) மூன்று டெர்ம், பன்னிரண்டு வருஷம் சர்வீஸ் போட்டு, முப்பது வயசில் முழுசாக வெளியே வருகிறவன் ஐந்தில் ஒருத்தன்.

'இது என்ன அநியாயம்?' என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். தீர்ப்பு கடைசியில்.

* * *

இந்த வகை விளையாட்டுக்கெல்லாம் மூத்த அண்ணன், 1974-ல் வந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. எழுதினவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்று இரண்டு பேர். பிறந்த ஊர், அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்ற சின்ன ஊர். ஒரு அட்டைப் பெட்டி, உள்ளே மூன்று சின்னப் புத்தகம். முதலில் அச்சடித்தது ஆயிரம் பிரதி. அந்த ஆயிரம் பிற்பாடு பல லட்சமாகி, இன்றைக்கு வருகிற கம்ப்யூட்டர் விளையாட்டுகளில் பல 'லெவல்', 'ஹிட் பாயின்ட்' என்று பேசுவதற்குக் காரணமாயிற்று.

இந்த கைகாக்ஸ் அதற்கு முன்னால் என்ன வேலை பார்த்தார் தெரியுமோ? சிகாகோவில் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் அண்டர்ரைட்டர். எந்த ஆபத்து எத்தனை பேருக்கு ஒருவருக்கு வரும், அதற்கு எவ்வளவு பிரீமியம் என்று கணக்குப் போடுகிற உத்தியோகம். அப்படிப்பட்டவர் விளையாட்டு எழுதினால் அதில் மரணத்துக்கு அட்டவணை இருக்காதா? இருந்தது.

அட்டவணைக்குப் பெயர் 'சேவிங் த்ரோ'. தப்பிக்கிற உருட்டு. பாம்பு கடித்துவிட்டது, விஷம் ஏறிவிட்டது என்று வையுங்கள். இருபது முகம் உள்ள பகடை ஒன்றை உருட்ட வேண்டும். 1981-ல் வந்த பதிப்பின்படி, புதுசாகக் கத்தி பிடித்த போர்வீரனுக்கு 12-ம் அதற்கு மேலும் விழுந்தால் உயிர். 11 விழுந்தால் சங்கு. தப்பிக்க நூற்றுக்கு 45 வாய்ப்பு. ஆஸ்பத்திரி, குளுக்கோஸ் எதுவும் கிடையாது. லெவல் ஏற ஏறக் கொஞ்சம் கொஞ்சமாகச் சலுகை கொடுப்பார்கள். பதின்மூன்றாம் லெவல் மகாவீரனுக்கு 4 விழுந்தால் போதும்.

வெளியிலிருந்து பார்த்தால் இது கொடுமை. கைகாக்ஸ் இதைக் கருணை என்று நினைத்தார் என்பதுதான் வேடிக்கை. 1979-ல் சூத்திரதாரிகளுக்கென்று அவர் எழுதின கனத்த புத்தகத்தில் இதைப் பற்றி வாதாடுகிறார். யாரோ அவரைக் கேட்டார்களாம், ஒருத்தனைப் பாறையோடு சங்கிலியால் கட்டிப் போட்டிருக்கிறது, எதிரே டிராகன் நெருப்பைக் கக்குகிறது, அவன் எப்படி ஐயா பகடை போட்டுத் தப்பிப்பான் என்று. ஏன், பாறையில் ஒரு பிளவு இருந்து அதில் ஒடுங்கிக்கொண்டிருக்கக் கூடாதா என்று திருப்பிக் கேட்டார் மனிதர். அவர் நோக்கில், டிராகன் எதிரே நின்ற அந்தக் கணமே ஆள் செத்தவன். பகடைதான் அவனை மீட்க வந்த கடைசி வக்கீல்.

ஆனால் மேஜையில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு அப்படித் தோன்றுவதில்லை. 'நல்லாத்தானே இருந்தேன், உருட்டச் சொல்லிக் கொன்னுட்டான்' என்றுதான் தோன்றும். அவனையும் குற்றம் சொல்ல முடியாது.

* * *

உருட்டுகூட இல்லாமல் கொல்கிற இடமும் உண்டு. 1975-ல் பால்டிமோரில் நடந்த ஒரிஜின்ஸ் என்ற விளையாட்டுத் திருவிழாவுக்காக கைகாக்ஸ் ஒரு கல்லறை கட்டினார். 'டூம் ஆஃப் ஹாரர்ஸ்'. 1978-ல் புத்தகமாக வந்தது. 'என் ஆளை ஒருத்தராலும் அசைக்க முடியாது' என்று மார்தட்டுகிறவர்களுக்காகவே செய்த ஸ்பெஷல்.

அதில் ஒரு நடைக்கோடியில் பச்சையாகப் பெரிய பிசாசு முகம். வாய் ஆவென்று திறந்திருக்கும். உள்ளே கும்மிருட்டு. 'வழி போலிருக்கே' என்று உள்ளே தலையை நீட்டினால் தலை இல்லை. ஆளே உள்ளே போனால் ஆளே இல்லை. எலும்புகூட மிஞ்சாது. பகடையைத் தொடவே வேண்டாம்.

ஐம்பது வருஷமாக இந்தப் பச்சை முகத்தைத் திட்டுகிறார்கள். ஆனால் நியாயமாகப் பார்த்தால், அங்கே தரையிலேயே புதிர் மாதிரி ஒரு எச்சரிக்கை எழுதியிருக்கிறது. தவிர, இந்த விளையாட்டின் விலைப்பட்டியலில் வாள், கேடயம், கயிறு இவற்றோடு பத்தடி நீளக் கம்பு என்று ஒரு ஐட்டமும் உண்டு. எதற்கு? சந்தேகமான ஓட்டைக்குள் கையை விடுவதற்கு முன்னால் கம்பை விடுவதற்கு. பிசாசு வாயில் கம்பை நீட்டி இழுத்தால், பாதிக் கம்புதான் திரும்பி வரும். போதுமே, புரிந்துவிடுமே! கைகாக்ஸின் சிநேகிதர் ராப் குன்ட்ஸ் அந்தக் கல்லறைக்குள் போனபோது, தன்னிடம் சேவகம் செய்த ஓர்க் என்கிற அசுர ஜாதி ஆட்களை முன்னால் நடக்க விட்டுப் பின்னால் போனார். ஆபீஸில் சில மேனேஜர்கள் செய்வார்களே, அந்த டெக்னிக்.

நம் பரமபதத்திலும் பாம்பு உண்டு. வைகுண்ட ஏகாதசி ராத்திரி தூக்கம் வராமல் விளையாடியிருப்பீர்கள். உச்சிக்குப் பக்கத்தில் வாயைத் திறந்துகொண்டு ஒரு பெரிய பாம்பு. மூன்று மணி நேரம் ஏறினதை ஒரே எண்ணில் கீழே இறக்கிவிடும். யாராவது அதை அநியாயம் என்று பாட்டியிடம் சண்டை போட்டதுண்டா? கிடையாது. காரணம், பாம்பு படத்தில் வரைந்திருக்கிறது. எல்லோரும் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தோம். அதோடு, அந்தக் காய் நானில்லை. அதற்குப் பெயர் கிடையாது, அம்மா அப்பா கிடையாது, போன வருஷம் தீ விபத்தில் ஒரு குழந்தையைக் காப்பாற்றின கதை கிடையாது. இந்த ரோல்ப்ளேயிங் சமாசாரத்தில் அத்தனையும் உண்டு. அங்கேதான் சிக்கல்.

* * *

என் அண்ணன் பையன் பெங்களூரில் மடிவாளாவில் நாலு பையன்களோடு வீடு எடுத்துத் தங்கியிருக்கிறான். எல்லோரும் சாஃப்ட்வேர். சனிக்கிழமை ராத்திரியானால் மற்றவர்கள் சினிமாவுக்குப் போக, இவர்கள் ஹாலில் பாயை விரித்து டிராகன் வேட்டைக்குக் கிளம்பிவிடுவார்கள். அதிலும் இவன் பழமைவாதி. புதுப் பதிப்பெல்லாம் 'சப்புன்னு இருக்கு சித்தப்பா' என்று 1981 விதிகளைத் தேடிப் பிடித்து வைத்திருக்கிறான். அவன்தான் சூத்திரதாரி.

கூட்டத்தில் ஒரு சேலத்துப் பையன். நைட் ஷிஃப்ட் வேலை. வாரத்தில் அந்த ஒரு ராத்திரிதான் ஓய்வு. பதினான்கு மாசமாக ஒரே போர்வீரனை வைத்து விளையாடி நாலாவது லெவலுக்குக் கொண்டுவந்திருந்தான். அந்த வீரனுக்கு ஒரு நோட்டுப் புத்தகம். அதில் அவனுடைய ஊர், செத்துப்போன தங்கை, கட்ட வேண்டிய கடன் எல்லாம் எழுதி வைத்திருக்கிறான். ஆபீஸில் அவனை எம்ப்ளாயி நம்பர் சொல்லித்தான் கூப்பிடுவார்களாம். இங்கே வந்தால் ஒரு ஊரே அவன் பேரைச் சொல்லும்.

ஒரு சனிக்கிழமை, குகைக் கடைசியில் ஒரு பெட்டி. அவசரக்காரர்கள் இல்லை இவர்கள். முதலில் கூட்டத்தில் இருந்த திருடனை விட்டுச் சோதிக்கச் சொன்னார்கள். நாலாவது லெவல் திருடன் பொறியைக் கண்டுபிடிக்க நூற்றுக்கு 25 சான்ஸ்தான். அந்த உருட்டை சூத்திரதாரி மறைவாக உருட்டுவான். உருட்டினான். "ஒண்ணும் தெரியலை" என்றான். சேலத்துப் பையன் மூடியைத் திறந்தான். பூட்டிலிருந்து விஷ ஊசி. 10 விழ வேண்டும். 7 விழுந்தது.

யாரும் பேசவில்லையாம். அந்தப் பையன் நோட்டை மூடி, பைக்குள் வைத்து, "சரி, நான் கிளம்பறேன்டா" என்று எழுந்து போய்விட்டான். மணி ஒன்பதரை. மற்றவர்கள் பன்னிரண்டு மணி வரை விளையாடுவதாக இருந்தது. ஐந்து நிமிஷத்தில் பாயைச் சுருட்டிவிட்டார்கள். அடுத்த சனிக்கிழமை அவன் வரவில்லை. அதற்கு அடுத்ததும் வரவில்லை.

அண்ணன் பையன் எனக்கு போன் பண்ணினான்.

"சித்தப்பா, நான் ரூல்ஸ்படிதானே பண்ணினேன்? எல்லார் முன்னாடியும்தான் உருட்டினான். நான் ஏமாத்தலை. நியாயம்தானே?"

"பகடை நியாயம்தான்டா. அதுக்கு யார் உருட்டறான்னே தெரியாது. நான் உன்னைக் கேக்கறேன். அந்தப் பெட்டில ஊசி இருக்கும்னு அவனுக்கு ஏதாவது தெரிஞ்சுதா? சாவித் துவாரத்துல துரு, பக்கத்துல ஒரு எலும்புக்கூடு, கருத்துப்போன ஒரு விரல், இப்படி ஏதாவது?"

"இல்லை."

"எச்சரிக்கையா இருந்தானா?"

"திருடனை விட்டுப் பார்க்கச் சொன்னானே."

"வேற என்ன பண்ணியிருந்தா பிழைச்சிருப்பான்?"

போனில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "திறக்காம இருந்திருக்கலாம்" என்றான்.

பெட்டியைத் திறக்காமல் இருப்பதற்கா சனிக்கிழமை ராத்திரி கூடுகிறார்கள்?

இந்த மாதிரிக் கேஸுக்கு அந்தக் கண்டிப்பான கைகாக்ஸே தன் 1979 புத்தகத்தில் ஒரு சலுகை எழுதி வைத்திருக்கிறார். ஆட்டக்காரன் எல்லா முன்ஜாக்கிரதையும் எடுத்து, அவன் மேல் தப்பே இல்லாமல், பகடையின் கிறுக்குத்தனத்தால் மட்டும் செத்தால், பொதுவாக அதை அப்படியே விட்டுவிடுங்கள் என்கிறார். அவனுக்கும் ஒருநாள் அதே கிறுக்குத்தனத்தால் லாபம் வருமே. ஆனாலும் சூத்திரதாரிக்கு அதை மாற்ற உரிமை உண்டு. சாவுக்குப் பதில் மயக்கம், ஒரு கை போனது, ஒரு கண் போனது என்று குறைத்துக்கொள்ளலாம். முட்டாள்தனமாக நடந்தவனுக்கு மட்டும் இரக்கம் வேண்டாம், பகடை சொன்னதுதான் சட்டம். இதை எடுத்துச் சொன்னேன்.

அன்றைக்கே அவன் சேலத்துப் பையனுக்கு போன் பண்ணி, "உன் ஆள் சாகலைடா, வலது கை மட்டும் விளங்காம போச்சு, வந்துடு" என்றிருக்கிறான். அவன் என்ன சொன்னான் தெரியுமா?

"வேணாம்டா. செத்தது செத்ததுதான். இப்ப எழுப்பினா இந்தப் பதினாலு மாசமும் பொய் ஆயிடும். அவன் தம்பின்னு ஒருத்தனை எழுதறேன். ஆனா ஒண்ணு. அடுத்த பெட்டிக்கு முன்னாடி மூக்குல ஒரு வாசனையாவது காட்டு."

எனக்கு அந்தப் பையனைப் பார்த்துக் கை குலுக்க வேண்டும் போலிருந்தது. சாவு வேண்டாம் என்று அவன் கேட்கவே இல்லை. சொல்லிவிட்டுக் கொல்லு என்கிறான்.

* * *

இன்னொரு கணக்கு இருக்கிறது. கைகாக்ஸ் சொன்ன 'உனக்கும் ஒருநாள் லாபம் வரும்' என்ற சமாதானத்தில் எனக்குக் கொஞ்சம் தகராறு. அந்த மேஜையில் ராட்சசன் என்பவன் ஒரு ராத்திரிக்கு வந்து போகிறவன். அவன் ஆயுளில் ஒரு தடவை பகடை. செத்தால் அழ ஆளில்லை. அடுத்த அறையில் இன்னொரு ராட்சசன் தயாராக இருப்பான். கதாநாயகனோ வாராவாரம் வருகிறவன். வாராவாரம் உருட்ட வேண்டும்.

சாவதற்கு நூற்றுக்கு 5-தான் வாய்ப்பு, இருபதில் ஒரு முகம், என்று வையுங்கள். 'ஐந்துதானே' என்று தோன்றும். பதினான்கு தடவை உருட்டுங்கள். பிழைத்திருக்க நூற்றுக்கு 49 கூட இல்லை. சேலத்துப் பையனின் வீரன் மாதிரி 10 விழ வேண்டியவன் என்றால் ஒரு தடவைக்கு 55. அப்படி நாலு பெட்டியைத் திறந்து உயிரோடு இருப்பவர்கள் நூற்றுக்கு ஒன்பது பேர். ஆகவே சூத்திரதாரி ஒரு விஷ ஊசியை வைக்கும்போது ஒரு ஊசி என்று நினைக்கக்கூடாது. இந்தக் கதை முடிவதற்குள் மொத்தம் எத்தனை ஊசி என்று எண்ண வேண்டும். ஹெல்மெட் இல்லாமல் ஒருநாள் போனால் ஒன்றும் ஆகாது. தினம் போகிறவன் கதை வேறே.

விளையாட்டை எழுதினவர்களுக்கும் இது மெதுவாக உறைத்தது. 2008-ல் வந்த நாலாவது பதிப்பில் ஒரே உருட்டில் சாகும் சமாசாரத்தைப் பெரும்பாலும் எடுத்துவிட்டார்கள். கல்லாக்குகிற பார்வை பட்டால் உடனே கல் கிடையாது. முதலில் நடை தளரும், அப்புறம் கால் ஊன்றிக்கொள்ளும், அப்புறம்தான் கல். நடுவில் தப்பிக்க இடம் உண்டு.

2014-ல் வந்த ஐந்தாவது பதிப்பில் வேறே மாதிரி. அடிபட்டு விழுந்தவன் தன் முறை வரும்போதெல்லாம் பகடை உருட்டுவான். 10-ம் அதற்கு மேலும் விழுந்தால் நல்லது. மூன்று நல்லது சேர்ந்தால் பிழைத்தான், மூன்று கெட்டது சேர்ந்தால் போனான். 1 விழுந்தால் இரண்டு கெட்டது. 20 விழுந்தால் கண் விழித்து எழுந்து உட்கார்ந்துவிடுவான். யாரும் உதவாமல் விட்டால் தப்பிக்க ஏறக்குறைய நூற்றுக்கு 60. இதில் எனக்குப் பிடித்தது அந்த அறுபது அல்ல. அவன் உயிருக்கு ஊசலாடுகிற அந்தச் சில நிமிஷங்களில், சண்டையை விட்டுவிட்டு ஓடிப்போய் அவனுக்கு மருந்து கொடுப்பதா, இல்லை எதிரே நிற்கிறவனை முதலில் வெட்டுவதா என்று கூட இருக்கிறவர்கள் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. ஒருத்தன் சாவு மேஜையில் உட்கார்ந்திருக்கிற அத்தனை பேர் பொறுப்பாகிவிடுகிறது.

'இதெல்லாம் ரொம்பச் சொகுசு, சாவு பயமே போச்சு' என்று ஒரு கோஷ்டி. அவர்கள் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. சாகவே மாட்டான் என்று தெரிந்த கதாநாயகனை நாம் தியேட்டரில் வருஷத்துக்கு இருபது தடவை பார்க்கிறோம். இடைவேளையில் முறுக்கு வாங்கப் போனால் அவசரப்பட்டுத் திரும்புவதில்லை. அடுத்த அறையில் உண்மையிலேயே உயிர் போகும் என்றால்தான் கதவுக்கு முன்னால் நின்று யோசிப்பான். கம்பை நீட்டிப் பார்ப்பான்.

அந்தக் கோஷ்டிக்காகவே 2012-ல் 'டன்ஜன் கிரால் கிளாசிக்ஸ்' என்று ஒன்று வந்தது. அதில் ஆளுக்கொரு வீரன் கிடையாது. ஆளுக்கு மூன்று, நாலு அப்பாவிகள். குடியானவன், சீஸ் செய்கிறவன், பிச்சைக்காரன் இப்படி. அத்தனை பேரையும் குகைக்குள் அனுப்ப வேண்டும். பெரும்பாலோர் முதல் ராத்திரியே மண்டையைப் போடுவார்கள். மிஞ்சினவன்தான் உங்கள் கதாநாயகன். சாவு மழை! ஆனால் யாரும் கோபித்துக்கொண்டு பையைத் தூக்கிக்கொண்டு போவதில்லை, விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். இன்னும் நோட்டுப் புத்தகம் எழுத ஆரம்பிக்கவில்லை பாருங்கள். 1981-ல் சாண்டி பீட்டர்சன் எழுதின 'கால் ஆஃப் கதுல்ஹு'வில் கடலடியிலிருந்து எழுந்து வரும் ராட்சச தெய்வம், ஒரு ரவுண்டுக்கு ஒன்றிலிருந்து மூன்று பேர் வரை அள்ளிக்கொண்டு போகும். எத்தனை பேர் என்பதற்குத்தான் பகடை, தப்பிக்க அல்ல. அங்கேயும் புகார் இல்லை. அது பயமுறுத்துகிற கதை என்று அட்டையைப் பார்த்தே தெரிந்துவிடும்.

* * *

சரி, தீர்ப்பு.

ஒரே உருட்டில் சாவது நியாயமா என்று பகடையைக் கேட்டுப் பிரயோஜனமில்லை. பகடைக்கு முன்னால் என்ன நடந்தது என்று கேட்க வேண்டும். ஆட்டக்காரனுக்கு ஆபத்து தெரிந்திருந்ததா? தெரிந்து, விலகிப் போகவோ வேறு வழி பார்க்கவோ இடமிருந்ததா? இந்த மேஜையில் இப்படித்தான் சாவு வரும் என்று முதல் நாளே எல்லோருக்கும் சொல்லியிருந்ததா? மூன்றுக்கும் 'ஆமாம்' என்றால், 1 விழுந்தாலும் நியாயம்தான். ஆளும் பெருமையோடு சாவான். பத்து வருஷம் கழித்தும் நண்பர்கள் அந்தச் சாவைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும், நூற்றுக்கு 95 தப்பிக்கிற உருட்டாக இருந்தாலும் அது கொலைதான்.

இப்போது அந்த டிராவலர் ஸ்கவுட்டைப் பாருங்கள். பிறப்பதற்கு முன் சாவு என்று சிரித்தோமே, அவனை யாரும் ஏமாற்றவில்லை. 7 வேண்டும் என்று புத்தகத்தில் அச்சடித்திருக்கிறது. தரைப்படையில் சேர்ந்தால் 5 போதும் என்பதும் அதே பக்கத்தில் இருக்கிறது. ஒவ்வொரு டெர்மிலும் புதுசாக ஒரு வித்தை கற்றுக்கொள்வான். அதிர்ஷ்டமிருந்தால் வெளியே வரும்போது ஒரு விண்கலத்தையே கையில் கொடுத்து அனுப்புவார்கள். போதும் என்று பெரும்பாலும் இரண்டாவது டெர்மிலேயே கும்பிடு போட்டுவிட்டு வரலாம். 'இன்னும் ஒரே ஒரு நாலு வருஷம்' என்று ஆசைப்படுகிறவன்தான் மாட்டுகிறான். பின்னால் வந்த பதிப்பில், உருட்டு தவறினால் சாவுக்குப் பதில் காயம் பட்டு வேலையை விட்டு வருவதாகவும் வைத்துக்கொள்ளலாம் என்று தளர்த்தினார்கள். எனக்கென்னவோ பழசே பிடித்திருக்கிறது. ஆசைக்கு ஒரு விலை வைத்தான், விலையை முன்னாலேயே எழுதியும் மாட்டினான். ஹோட்டலில் நாம் எதிர்பார்ப்பதும் அதைத்தானே?

விஷ ஊசிப் பெட்டியில் அந்த விலைப்பலகை இல்லை. அதனால் அது அநியாயம். ஒரு வாசனை, ஒரு துரு, ஒரு எலும்புக்கூடு போட்டால் அதே ஊசி, அதே 10, அதே 7, நியாயமாகிவிடும். சூத்திரதாரிக்கு அதற்கு ஆகிற செலவு ஒரு வாக்கியம்.

இன்னொன்றும் உண்டு. விதிப்புத்தகங்களில் இதற்கு அட்டவணை இல்லை. செத்தவனின் சொந்தக்காரன், நான் சொல்வது மேஜையில் உட்கார்ந்திருக்கிற நிஜ ஆள், அவன் மிச்ச ராத்திரி என்ன செய்வான்? மற்றவர்கள் சண்டை போடுவதைப் பார்த்துக்கொண்டு இரண்டரை மணி நேரம் மிக்சர் சாப்பிடுவானா? அவனுக்கு உடனே ஒரு தம்பியையோ, கைதியையோ, வழியில் சேர்ந்த வண்டிக்காரனையோ கொடுத்து உள்ளே இழுத்துவிட வேண்டும். வாரத்தில் ஆறு நாள் யாருக்கோ உழைத்துவிட்டு ஏழாவது நாள் உங்களை நம்பி வந்திருக்கிறான். அவன் வீரன் சாகலாம். அவன் சனிக்கிழமை சாகக்கூடாது.

உங்களில் யாராவது இதைப் படித்துவிட்டு இந்த ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு விளையாட ஆரம்பிப்பதாக இருந்தால், ஒரு யோசனை. பகடையை எடுப்பதற்கு முன்னால் எல்லோரையும் ஒரு நிமிஷம் உட்கார வைத்து, "இந்தக் கதையில் ஒரே உருட்டில் ஆள் போவானா, மாட்டானா?" என்று கேட்டுவிடுங்கள். 'போகட்டும்' என்பார்கள் சிலர், 'வேண்டாம்' என்பார்கள் சிலர். அந்த வாக்குவாதம் அரை மணி நேரம் நடக்கும். நடக்கட்டும். டிராகன் காத்திருக்கும். அதற்கு ஆபீஸ் கிடையாது.

பி.கு.: சேலத்துப் பையன் இப்போது தம்பியை வைத்து விளையாடுகிறான். மூன்றாவது லெவல் ஆகிவிட்டதாம். நோட்டுப் புத்தகம் இரண்டாவது வாங்கியிருக்கிறான். எந்தப் பெட்டியையும் அவன் கையால் திறப்பதில்லையாம். சூத்திரதாரி விவரம் சொல்ல வாயைத் திறப்பதற்குள், "கம்பு" என்கிறானாம்.